‘சி’ வாங்கியவரை யார் கூப்பிட்டார்கள்?

1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கணிதத் துறையில் யூரி ட்ரீஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு சில்லறை வேலை கொடுத்திருந்தார்கள். முதலாண்டு வகுப்புகளைக் கவனிக்கும் உதவி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதுதான் அது. கால்குலஸ் வகுப்பில் யார் நன்றாகச் செய்கிறார்கள், யார் திணறுகிறார்கள் என்று அந்த உதவி ஆசிரியர்களிடம் விசாரித்தார். நன்றாகச் செய்பவர்களில் சீன வம்சாவளி மாணவர்கள் அதிகம் என்றும், திணறுகிறவர்களில் கறுப்பின மாணவர்கள் அதிகம் என்றும் தெரியவந்தது. பழைய கணக்கைப் புரட்டினால் நிலைமை இன்னும் மோசம். 1978க்கு முந்தைய பத்தாண்டில் பெர்க்லியில் முதல் பருவ கால்குலஸ் எழுதிய கறுப்பின மாணவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் ‘டி’ அல்லது ‘எஃப்’ என்ற மிகக் குறைந்த கிரேடுகளை வாங்கியிருந்தார்கள்.

காரணம் கேட்டால் பேராசிரியர்களிடம் பதில் தயாராக இருந்தது. ஊக்கம் போதாது, பள்ளியில் போட்ட அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை, வறுமை. ட்ரீஸ்மன் அதை நம்பிவிட்டு நகர்ந்துவிடவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய் மாதக்கணக்கில் கூட இருந்து பார்த்தார். சொல்லப்பட்ட காரணங்கள் ஒவ்வொன்றாகப் பொய்த்தன. தோற்றுப்போன பிள்ளைகளில் பலர் தங்கள் பள்ளியில் முதல் மாணவராக வந்தவர்கள். நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டும் என்று அது பிறக்கும் முன்பே தீர்மானித்த குடும்பங்கள் அவர்களுடையவை.

வித்தியாசம் அவர்கள் படித்த விதத்தில் இருந்தது. கறுப்பின மாணவர் வகுப்புக்குத் தவறாமல் போனார், கொடுத்த வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்தார், வாரத்துக்கு எட்டு மணி நேரம் படித்தார். எல்லாமே தனியாக. சீன மாணவரும் முதலில் தனியாகத்தான் படித்தார். ஆனால் மாலையில் நண்பர்களோடு உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார், சாப்பாட்டு மேசையிலும் கணக்கைப் பற்றியே பேசினார். மொத்தம் வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், கணக்குதான் கடினம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தனி அறையில் அதே கணக்கோடு மல்லுக்கட்டிய மாணவருக்கோ குறை தன்னிடம்தான் என்று தோன்றியது. முதல் தேர்வுத்தாள் கைக்கு வரும்வரை தான் வகுப்பில் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

பல்கலைக்கழகத்தில் உதவி கிடைக்காமல் இல்லை. இலவச டியூஷன், ஆலோசனை மையம் எல்லாம் இருந்தன. ஆனால் அவை பின்தங்கியவர்களுக்கானவை. பள்ளியில் முதலிடம் பிடித்துவிட்டு வந்த பிள்ளை அந்தக் கதவைத் தட்டுமா?

நன்றாகப் படிக்கும் மாணவர் சத்தமில்லாமல் கழன்றுபோவதைக் கல்லூரிகள் எப்படிக் கவனிக்கத் தவறின, பிறகு எப்படிக் கவனிக்கக் கற்றுக்கொண்டன என்பதற்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் திருப்புமுனை பெர்க்லி. தொடக்கம் அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்னால்.

1785இல் யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் தன் 58 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, அவர்களை நான்கு கூறாகப் பிரித்துத் தன் நாட்குறிப்பில் எழுதினார். முதல் தரத்தில் 20 பேர், அடுத்ததில் 16, மூன்றாவதில் 12, கடைசியில் 10. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவரைத் தரம் பிரித்த மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. 1817இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி இன்னும் ஒரு படி போனது. முதல் வரிசையில் நிற்பவர்கள், ஒழுங்காகக் கவனிப்பவர்கள், கொஞ்சம்தான் முன்னேறியவர்கள், எதுவுமே கற்காதவர்கள் என்று ஆசிரியர்கள் பெயர் வாரியாகப் பட்டியல் போட்டார்கள். அந்தச் செய்தி பெற்றோருக்குப் போனது. அன்றைய எச்சரிக்கை முறை அவ்வளவுதான். பிள்ளையைப் பற்றித் தகப்பனாருக்கு ஒரு கடிதம். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

கல்லூரிகள் பெருத்தபோது தலைவர் ஒருவரே எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அறிந்திருக்க முடியவில்லை. அதனால் மாணவர்களுக்கென்றே டீன் என்ற பதவி உருவானது. ஹார்வர்டில் 1891இல் அந்தப் பொறுப்புக்கு வந்த லெ பாரன் ரஸ்ஸல் பிரிக்ஸ், மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசுவதையே வேலையாகக் கொண்டவர். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் அந்த மனிதரின் இடத்தைக் காகிதம் பிடித்தது. செமஸ்டரின் நடுவில் ஆசிரியர் ஒரு படிவத்தை நிரப்புவார். குறைந்த கிரேடு வாங்குகிறவர்களின் பெயர் டீன் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து மாணவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும். மேலே இருப்பவர்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. டீன்ஸ் லிஸ்ட். அதில் பெயர் வந்தால் வாழ்த்து, அதோடு முடிந்தது.

இந்த இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில் பெரும் வெற்றிடம் இருந்தது. போன பருவத்தில் டீன்ஸ் லிஸ்டில் இருந்தவர் இந்தப் பருவம் அதிலிருந்து இறங்கி, ஆனால் எச்சரிக்கைப் பட்டியலுக்கு வராமல் இருந்தால் அவரைப் பார்க்கும் கண் எதுவும் இல்லை.

நன்றாகப் படிப்பவர்களைத் தனியாக விட்டுவிடுவதே மரியாதை என்ற எண்ணமும் அப்போது வலுவாக இருந்தது. 1921இல் பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குத் தலைவராக வந்த ஃப்ராங்க் எய்டலாட், ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்தவர். அங்கே கண்டதை மனதில் வைத்து அடுத்த ஆண்டே ஹானர்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். கடைசி இரண்டு ஆண்டுகளில் சிறந்த மாணவர்களுக்கு வழக்கமான வகுப்பும் வருகைப் பதிவும் கிடையாது. சிறு கருத்தரங்குகளில் படிப்பார்கள். முடிவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் சோதிப்பார்கள். கூட்டத்தின் வேகத்துக்குத் திறமைசாலியைக் கட்டிப்போடக் கூடாது என்பது எய்டலாட்டின் வாதம். அருமையான திட்டம்தான். நாடெங்கும் ஹானர்ஸ் வகுப்புகள் முளைக்க அது வழிகாட்டியது. ஆனால் ஸ்வார்த்மோரில் கருத்தரங்குக்கு ஆசிரியரும் ஏழெட்டு மாணவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் சோர்ந்தால் மற்றவர்களுக்குத் தெரியும். பின்னால் வந்த பெரிய பல்கலைக்கழகங்கள் பல, சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு அந்த அறையை விட்டுவிட்டன.

1970களில் நிலம் அதிர்ந்தது. தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970இல் மாணவர்கள் கிளர்ந்தெழுந்து தலைவர் தாமஸ் ஜோன்ஸின் அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். காவலைக் கூட்டுவதோடு நிற்காமல், 1972இல் முதலாண்டு மாணவர்களுக்கென்று ஒரு தனி வகுப்பை ஜோன்ஸ் தொடங்கினார். கல்லூரியில் எப்படி வாழ்வது, யாரிடம் போய்ப் பேசுவது என்று சொல்லிக் கொடுத்த வகுப்பு அது. பிறகு ஜான் கார்ட்னர் அதை நடத்த, முதலாண்டு மாணவரைக் கவனிப்பது ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது.

1974இல் இன்னொரு மாற்றம். மாணவர் பதிவேடுகள் பற்றிய கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஃபெர்பா என்று அதன் முதலெழுத்துகளால் எல்லோரும் குறிப்பிடுவார்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண் விவரம் மாணவருக்கே சொந்தம். சில விதிவிலக்குகள் தவிர, அவர் ஒப்புக்கொள்ளாமல் பெற்றோரிடம் கொடுக்க முடியாது. வில்லியம் அண்ட் மேரி காலத்திலிருந்து தகப்பனார் கைக்குப் போய்க்கொண்டிருந்த கடிதம் அன்றோடு முகவரி மாறியது. இன்று மகனையோ மகளையோ டெக்சஸுக்கும் ஜார்ஜியாவுக்கும் அனுப்பிவிட்டு, கல்லூரியிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லையே என்று குழம்பும் சென்னை, கோவைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் இது. எச்சரிக்கை அனுப்பப்படுகிறது. அது பிள்ளையின் மின்னஞ்சலுக்குப் போகிறது.

அடுத்த ஆண்டு, 1975இல், வின்சென்ட் டின்டோ என்ற சமூகவியலாளர் மாணவர்கள் ஏன் கல்லூரியை விட்டுப் போகிறார்கள் என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்லூரியின் படிப்போடும் அங்குள்ள மனிதர்களோடும் மாணவர் எவ்வளவு ஒட்டியிருக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம். 1987இல் அதை நூலாக விரித்தபோது அவர் எடுத்துக்காட்டிய ஒரு செய்திதான் நமக்கு முக்கியம். விட்டுப் போகிறவர்களில் மதிப்பெண் குறைவால் வெளியேற்றப்படுகிறவர்கள் கால்பங்குக்கும் குறைவு. மிச்சப் பேர் தாங்களாகவே போகிறார்கள். தேர்வில் தேறிக்கொண்டிருக்கும்போதே போகிறார்கள். தோல்வியை மட்டும் பார்த்து அடித்த எச்சரிக்கை மணி நான்கில் மூன்று பேருக்கு அடிக்கவே இல்லை என்றுதானே பொருள்?

அறிவியல் துறைகளில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. எலைன் சீமோர், நான்சி ஹியூவிட் இருவரும் ஏழு கல்லூரிகளில் 335 மாணவர்களிடம் பேசி 1997இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அறிவியல், பொறியியலை விட்டுப் போனவர்களுக்கும் தங்கியவர்களுக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை என்பதே அவர்கள் கண்டது. பாடம் நடத்திய விதமும், தொடக்க வகுப்புகளில் மாணவர்களைக் களையெடுக்கும் பழக்கமும் தங்கியவர்களையும் சமமாகவே நோகடித்திருந்தன.

இப்போது பெர்க்லிக்குத் திரும்பலாம். 1978இல் ட்ரீஸ்மன் ஒரு பட்டறை தொடங்கினார். பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்று அறிவித்திருந்தால் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் அதை ஹானர்ஸ் வகுப்பாக நடத்தினார். நன்றாகச் செய்யக்கூடியவர்கள், கணிதத்தில் மேலே போக விரும்புகிறவர்கள் வாருங்கள் என்று அழைத்தார். சிறு குழுவாக உட்கார வைத்து, பாடப்புத்தகத்தில் உள்ளதைவிடக் கடினமான கணக்குகள் கொண்ட தாளைக் கொடுத்தார். தனியாக முயன்று, பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு விளக்க வேண்டும். விளக்க முடியாத இடத்தில் தனக்குப் புரியவில்லை என்பது அந்த நொடியிலேயே வெளிப்பட்டுவிடும். தேர்வு முடிந்து வரும் எச்சரிக்கைக்கு முன்னால், சக மாணவர் முகத்திலேயே எச்சரிக்கை கிடைத்தது.

பட்டறைக்கு வந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் தங்கள் இனத்தின் மற்ற மாணவர்களை மட்டுமல்ல, கூடப் படித்த வெள்ளையரையும் ஆசியரையும் முந்தினார்கள். 1992இல் ட்ரீஸ்மனுக்கு மெக்கார்த்தர் விருது கிடைத்தது. அவர் வழியைப் பின்பற்றி எமர்ஜிங் ஸ்காலர்ஸ் என்ற பெயரில் பல பல்கலைக்கழகங்கள் வகுப்பு தொடங்கின.

பெர்க்லியின் பாடத்தை முழுமையாக நடைமுறைப்படுத்திய இடம் என்றால் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தைத்தான் சொல்ல வேண்டும். அங்கே 1987இல் துணைப் பொறுப்பு ஒன்றுக்கு வந்தவர் ஃப்ரீமன் ரபவ்ஸ்கி, கணிதப் பேராசிரியர். 1963இல் அலபாமாவின் பர்மிங்காமில் இனப் பாகுபாட்டை எதிர்த்துச் சிறுவர்கள் ஊர்வலம் போனபோது பன்னிரண்டு வயதில் சிறைக்குப் போனவர். கொடையாளர் ராபர்ட் மேயர்ஹாஃபும் அவர் மனைவி ஜேனும் தந்த பணத்தில் 1988இல் மேயர்ஹாஃப் ஸ்காலர்ஸ் திட்டம் உருவானது. அடுத்த ஆண்டு கறுப்பின ஆண் மாணவர்கள் 19 பேரோடு முதல் அணி வந்தது. 1990இல் பெண்களுக்கும், 1996இல் எல்லா இனத்தவருக்கும் கதவு திறந்தது.

சேர்ந்தவர்கள் எல்லோரும் பள்ளியில் கணிதத்திலும் அறிவியலிலும் மிளிர்ந்தவர்கள். ஆனாலும் கோடையிலேயே வரவழைத்து ஆறு வாரம் ஒன்றாகத் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கூட்டாகப் படிப்பதை வழக்கமாக்கினார்கள். ஒவ்வொருவர் மதிப்பெண்ணையும் திட்ட அலுவலர்கள் விடாமல் கவனித்தார்கள். இதில் ஒரு விதி பல பேராசிரியர்களையே திகைக்க வைத்தது. அடிப்படை அறிவியல் பாடத்தில் ஒருவர் ‘சி’ வாங்கினால், அந்தப் பாடத்தை மறுபடி படி என்று சொல்வார்கள். ‘சி’ தேர்ச்சிதான். பட்டம் வாங்க அது போதும். ஆனால் முனைவர் பட்டம்வரை போக வேண்டியவருக்கு வேதியியலில் ‘சி’ தரத்து அடித்தளம் அடுத்த ஆண்டில் ஆட்டம் காணும் என்பது ரபவ்ஸ்கியின் கணிப்பு. எச்சரிக்கைக் கோட்டை அவர் மாணவரின் தகுதிக்கு ஏற்ப உயர்த்தி வரைந்தார். இந்த வரலாற்றில் வந்த எல்லாத் தொழில்நுட்பங்களையும்விடப் பெரிய மாற்றம் அதுதான்.

அந்தத் திட்டத்தில் படித்து 2008இல் பட்டம் பெற்றவர்களில் கிஸ்மேகியா கார்பெட் ஒருவர். கோவிட் காலத்தில் மாடர்னா தடுப்பூசிக்கு வித்திட்ட அமெரிக்க அரசு ஆய்வுக் குழுவில் முன்னணியில் நின்றவர் அவர்.

டெக்சஸில் வேறு ஒரு சூழல். 1997இல் மாநில அரசு ஒரு சட்டம் போட்டது. எந்த உயர்நிலைப் பள்ளியானாலும், அதன் முதல் பத்து சதவீத மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றது அது. நகரத்து வசதியான பள்ளியும், எல்லையோரச் சிற்றூரின் ஏழைப் பள்ளியும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்குத் தங்கள் முதல் மாணவர்களை அனுப்பின. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த டேவிட் லாட், ஐநூறு பேர் உட்காரும் வகுப்பில் ஒவ்வோராண்டும் யார் தோற்கிறார்கள் என்று பார்த்தார். பெரும்பாலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், நுழைவுத் தேர்வில் சற்றே குறைந்த மதிப்பெண் எடுத்தவர்கள். தங்கள் ஊரில் அவர்கள்தான் முதல் வரிசை.

1999இல் அப்படிப்பட்ட 50 பேரை அவர் தனி வகுப்பாகப் பிரித்தார். பாடத்தை எளிதாக்கவில்லை, அதே விரிவுரை, அதே தேர்வு. கூடவே கூடுதல் பயிற்சி, வழிகாட்டிகள், ஆலோசகர்கள். செமஸ்டர் முடிவில் பெரிய வகுப்புக்கு நிகரான மதிப்பெண் எடுத்தார்கள். பிறகு பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு வந்த லாட், ஒவ்வொரு புதிய மாணவரும் நான்காண்டில் பட்டம் பெறும் வாய்ப்பைக் கணினியைக் கொண்டு கணித்தார். 2013இல் அந்தக் கணிப்பில் கீழே இருந்த 500 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு 5,000 டாலர் உதவித்தொகையுடன் தலைமைப் பண்புப் பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்த்தார்கள். நீங்கள் தோற்க வாய்ப்புள்ளவர்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை. தலைவர்களாக வரக்கூடியவர்கள் என்றுதான் சொன்னார்கள். கணினி அடித்த எச்சரிக்கை நிர்வாகத்தின் காதோடு நின்றது. மாணவருக்குப் போய்ச் சேர்ந்தது அழைப்பு மட்டுமே. மாணவரிடம் மறைப்பது சரியா என்று வாதிடலாம். ஆனால் பெர்க்லியில் ட்ரீஸ்மன் கண்டதை நினைத்தால் லாட் செய்ததில் நியாயம் இருக்கிறது.

எச்சரிக்கையை மாணவர் முகத்துக்கு நேராகவே காட்டிய முயற்சியும் உண்டு. இண்டியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜான் கேம்பல் உருவாக்கிய கோர்ஸ் சிக்னல்ஸ் 2007 வாக்கில் வகுப்புகளுக்கு வந்தது. மாணவர் பாடத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் போக்குவரத்து விளக்குபோல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஏதோ ஒன்று எரியும். இதுவரை வாங்கிய மதிப்பெண், இணையப் பக்கத்தில் மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர் செலவிட்ட உழைப்பு, பழைய கல்விப் பதிவு, மாணவரைப் பற்றிய சில பொது விவரங்கள் ஆகியவற்றைக் கூட்டிப் போட்ட கணக்கு அது. சிவப்பு எரிந்தால் ஆசிரியரிடமிருந்து ஒரு மின்னஞ்சலும் வரும்.

இப்படிப்பட்ட கணினி முறைகளுக்குக் கல்லூரிகள் ஓடிப்போய் விழுந்ததற்குக் காரணம் இருந்தது. எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று வெளியிட வேண்டும் என 1990இல் கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. கோர்ஸ் சிக்னல்ஸ் வகுப்புகளில் படித்தவர்கள் கல்லூரியில் அதிகம் தங்குகிறார்கள் என்று பர்டூ 2013இல் அறிவித்ததும் பரபரப்பு. ஆனால் மைக் கால்ஃபீல்ட் என்ற கல்வியாளர் கணக்கில் ஓர் ஓட்டையைக் கண்டார். நீண்ட நாள் கல்லூரியில் இருப்பவர்தான் அந்த வகுப்புகளை அதிகம் எடுத்திருப்பார். தங்கியதால் எடுத்தாரா, எடுத்ததால் தங்கினாரா? ஆல்ஃபிரட் எஸ்ஸா இதை ஒரு மாதிரிக் கணக்கால் விளக்கினார். மாணவர்களுக்குச் சும்மா சாக்லேட் கொடுத்துவந்தாலும் அதே முடிவு வரும் என்று காட்டினார்; அதிக நாள் இருந்தவர் அதிக சாக்லேட் சாப்பிட்டிருப்பார், அவ்வளவுதான். இந்தத் துறைக்கு அது தேவையான அடி. விளக்கு எரிவதாலேயே யாரும் காப்பாற்றப்படுவதில்லை.

பர்டூவின் விளக்கில் நல்ல மாணவருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. எப்போதும் ‘ஏ’ வாங்கியவர் ‘பி’க்கு இறங்கினாலும் பச்சையே எரியக்கூடும். பாதுகாப்பாக இருக்கிறாய் என்று இயந்திரமே உறுதி சொல்லிவிடும். பிற்காலத்தில் ஸ்டார்ஃபிஷ் போன்ற மென்பொருள்கள் ஆசிரியர் பாராட்டுச் செய்தி அனுப்பவும் வழி வைத்தன. கவலை இருந்தால் ஒரு கொடி, நன்றாகச் செய்தால் கியூடோஸ் என்ற வாழ்த்து. உன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது மேலே இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்ற அளவில் இது நல்ல மாற்றம்.

இந்த எல்லாப் பாடங்களும் ஒன்றாகக் கூடிய இடம் அட்லாண்டா நகரின் நடுவில் இருக்கும் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். 1913இல் வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை நேர வணிகப் பள்ளியாகத் தொடங்கியது அது. 2003ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அங்கே சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் 32 சதவீதம்தான். ஜார்ஜியா மாநிலம் 1993 முதல் லாட்டரிப் பணத்தில் ஹோப் என்ற உதவித்தொகையைக் கொடுத்துவருகிறது. பள்ளியில் ‘பி’ சராசரி எடுத்தவருக்குக் கிடைக்கும், கல்லூரியிலும் 3.0 சராசரி இருக்க வேண்டும். 2.9க்கு இறங்கினால் போச்சு. 2.9 எந்தக் கல்லூரியிலும் எச்சரிக்கைக்குரிய மதிப்பெண் இல்லை. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பத்தில் ஒரு புள்ளிதான் அடுத்த செமஸ்டர் கட்டணம். 2008இல் பல்கலைக்கழகம் அப்படி விளிம்பில் விழுந்தவர்களுக்குச் செமஸ்டருக்கு 500 டாலர் கொடுத்து, ஆலோசகரைச் சந்திக்க வைத்து, ஹோப்பை மீட்டெடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2011 முதல், நல்ல மதிப்பெண்ணோடு பட்டத்தை நெருங்கியும் சில நூறு டாலர் பாக்கியால் பெயர் நீக்கப்படும் மாணவர்களுக்குச் சிறு மானியம் கொடுத்தது.

2012இல் பெரிய வேலை வந்தது. டிம் ரெனிக் தலைமையில் பத்தாண்டு மதிப்பெண் பதிவுகளை, ஏறத்தாழ 25 லட்சம் கிரேடுகளை, கணினியில் போட்டு அலசி 800 அபாய அறிகுறிகளைப் பிரித்தெடுத்தார்கள். வெளிவந்த சில முடிவுகள் அதுவரை இருந்த நம்பிக்கையைக் கவிழ்த்தன. அரசியல் அறிவியல் முதன்மைப் பாடமாக எடுத்தவர்களில், துறையின் முதல் பாடத்தில் ‘ஏ’ அல்லது ‘பி’ வாங்கியவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் பட்டம் பெற்றார்கள். ‘சி’ வாங்கியவர்களில் நான்கில் ஒருவர். ‘சி’ வாங்கியவர் தேறியவர், அதனால் அவரை மேல் வகுப்புக்கு அனுப்பி வைத்து வந்தார்கள். யாரும் கூப்பிட்டுப் பேசியதில்லை. நர்சிங் மாணவருக்கு, நர்சிங்கின் தொடக்கப் பாடத்தைவிட முதல் கணிதப் பாடமே வருங்காலத்தைச் சொன்னது.

இங்கேதான் ஜார்ஜியா ஸ்டேட் பர்டூவிலிருந்து விலகுகிறது. எச்சரிக்கை மாணவருக்கு விளக்காக எரியாது. ஆலோசகரின் திரையில் வரும். இரண்டு நாளுக்குள் அவர் மாணவரைத் தொடர்புகொள்ள வேண்டும். அதற்காக 42 புதிய ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தார்கள். 700 மாணவருக்கு ஒருவர் என்றிருந்தது 300க்கு ஒருவர் என்றானது. மென்பொருளுக்கு ஆன செலவைவிட மனிதர்களுக்கு ஆன செலவே பெரிது. சில ஆண்டுகளில் பட்டம் பெறுகிறவர்களின் விகிதம் 54 சதவீதத்தைத் தொட்டது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க, ஏழை மாணவர்களின் விகிதம் பல்கலைக்கழகச் சராசரிக்குச் சமமாகவோ கூடவோ வந்தது. பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது மிக அரிது.

கல்வி ஆலோசனை நிறுவனமான ஈஏபி 2014இல் இதே போக்கைப் பல கல்லூரிகளின் தரவில் கண்டது. விட்டுப் போகிறவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் முதலாண்டை 2.0க்கும் 3.0க்கும் இடைப்பட்ட சராசரியோடு முடித்தவர்கள். அதாவது, பழைய காகிதப் படிவத்தில் பெயர் வராதவர்கள்.

இதே கருவி எதிர்த் திசையிலும் பாயும். மேரிலாண்டின் எம்மிட்ஸ்பர்க்கில் உள்ள மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் 2015இல் புதிய மாணவர்களுக்கு ஒரு கருத்துக் கணிப்புப் படிவம் கொடுத்தார்கள். தடுமாறக்கூடியவர்களை அடையாளம் கண்டு, அரசுக்குச் சேர்க்கை எண்ணிக்கை காட்டும் தேதிக்கு முன் 20, 25 பேரை வெளியேறவைத்து, தங்கும் விகிதத்தை உயர்த்திக் காட்ட அப்போதைய தலைவர் திட்டமிட்டார். ஆசிரியர்கள் சிலர் பெயர் தர மறுத்தார்கள். மாணவர் பத்திரிகை 2016 ஜனவரியில் அதை அம்பலப்படுத்தியது; பிப்ரவரி முடிவில் தலைவர் பதவி விலகினார். மாணவரைத் தாங்கிப் பிடிக்க எடுத்த தகவல், அவரைத் தள்ளிவிடவும் பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். தகவலைத் திரட்டுகிறவரிடம் அது எதற்கு என்று கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி உங்களுக்கு எழுதாது. எல்லா எச்சரிக்கையும் பிள்ளையின் மின்னஞ்சலில் இருக்கும். பள்ளியில் முதலிடம் வாங்கிய பிள்ளையாக இருந்தால் அதை உங்களிடம் சொல்லக் கூச்சப்படும். தொலைபேசியில் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். உன் ஆலோசகர் பெயர் என்ன, கடைசியாக எப்போது போய்ப் பார்த்தாய், யாரோடு சேர்ந்து படிக்கிறாய் என்று கேளுங்கள். முதல் செமஸ்டரிலேயே கேளுங்கள்.